கள்ளித் தோட்டம் போட்ட டாக்டர்: ஜேம்ஸ் ஆண்டர்சன் வாழ்க்கையில் நர்சரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு பாடம்

தல்லாகுளத்தில் இருந்து அழகர்கோவில் சாலையில் போகிறீர்கள். வழியில் ஒரு நர்சரி கண்ணில் பட்டால் வண்டி தானாக நின்றுவிடும். இரண்டு கொய்யா ஒட்டு, ஒரு எலுமிச்சை, வீட்டம்மாவுக்கு ஒரு செம்பருத்தி என்று வாங்கி வருவீர்கள். அன்று மாலையே குழி எடுத்து நட்டும் விடுவீர்கள். செடி என்ன ரகம், என்ன விலை என்று கேட்கிறோம். அந்தச் செடியோடு சேர்ந்து வேறு என்ன நம் தோட்டத்துக்குள் வருகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு.

இதைப் புரிந்துகொள்ள, சுமார் 230 ஆண்டுகளுக்கு முன்பு சென்னையில் வாழ்ந்த ஒரு டாக்டரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. அவர் பெயர் ஜேம்ஸ் ஆண்டர்சன். உலகின் பல மூலைகளில் இருந்து செடிகளை வரவழைத்து, வளர்த்து, கேட்டவர்களுக்குக் கொடுத்தவர். அவர் விரும்பிக் கேட்ட பூச்சி வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த பூச்சி, அவர் இறந்த பிறகு தென்னிந்திய விவசாயத்துக்கு யாரும் எதிர்பாராத ஒரு வேலையைச் செய்தது.

யார் இந்த ஆண்டர்சன்?

1738-ல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகருக்கு அருகில் பிறந்தவர். மருத்துவம் படித்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். படிப்படியாக உயர்ந்து, சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். ஊர் திரும்பவில்லை. 1809-ல் சென்னையிலேயே இறந்தார்.

தொழில் மருத்துவம் என்றாலும் மனம் முழுக்கச் செடிகள் மேல்தான். நுங்கம்பாக்கத்தில் அவருக்கு 100 ஏக்கருக்கு மேல் தோட்டம் இருந்தது. இன்று கடைகளும் ஆஸ்பத்திரிகளும் நெருக்கியடிக்கும் அந்தப் பகுதி, அன்று ஒரு தனி மனிதரின் நாற்றுப் பண்ணை. அங்கே உள்ள ஆண்டர்சன் சாலை அவர் பெயரைத்தான் சொல்கிறது.

அந்தக் காலத்தில் அரசு நாற்றுப் பண்ணையோ வேளாண் பல்கலைக்கழகமோ கிடையாது. புதுச் செடி வேண்டும் என்றால் இப்படி ஒரு தனியார் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். ஆண்டர்சன் செடியைப் பூட்டி வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை. போத்து வெட்டியும் விதை கட்டியும் மாகாணம் முழுக்க அனுப்பினார். எந்த ஊரில் எது வளர்கிறது என்று கடிதம் எழுதிக் கேட்டார். வந்த பதில்களைச் சென்னையிலேயே அச்சடித்து வெளியிட்டார்.

சிவப்புச் சாயத்தின் விலை

அந்த நாளில் உலகின் மிக உயர்ந்த சிவப்புச் சாயம் ஒரு பூச்சியில் இருந்து வந்தது. கோச்சினீல் என்பது அதன் பெயர். நமக்குத் தெரிந்த மாவுப்பூச்சிக்கு உறவுக்காரப் பூச்சி. கள்ளி மடலின் மேல் பஞ்சு ஒட்டியது போல வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். நசுக்கினால் ரத்தச் சிவப்பாகச் சாறு வரும். பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை. ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காய வைத்த பூச்சி ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் சேர, ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும்.

இந்தச் சாயம் மெக்சிகோவில் இருந்து வந்தது. மெக்சிகோ அப்போது ஸ்பெயின் கையில். உயிருள்ள பூச்சியை வெளியே விடாமல் ஸ்பெயின்காரர்கள் காத்து வந்தார்கள். 1777-ல் ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் மெக்சிகோவின் ஓஹாகா பகுதித் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, கள்ளியையும் பூச்சியையும் மறைத்துக் கடத்திக்கொண்டு போனார். இதுவும் ஒருவகைத் தோட்டப் பயணம்தான். ஆனால் கடத்தப்பட்ட சரக்கு ஒரு நாட்டின் வருமானம்.

1786-ல் சென்னையைச் சுற்றிய புல்லில் சிவப்புச் சாறு தரும் ஒரு பூச்சியை ஆண்டர்சன் பார்த்தார். இங்கேயே கோச்சினீல் இருக்கிறது என்று நம்பி, லண்டனில் இருந்த அறிவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதத்தோடு மாதிரிகளை அனுப்பினார். அந்தப் பூச்சியின் சாயம் தேறவில்லை. ஆனால் அந்தக் கடிதப் போக்குவரத்தில் இருந்து ஒரு திட்டம் பிறந்தது. மெக்சிகோ பூச்சி கிடைக்கும்போது கிடைக்கட்டும், அதற்குத் தீனியாகும் கள்ளியை முதலில் இங்கே வளர்த்து வைப்போம் என்று முடிவானது.

சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம்

லண்டனின் கியூ தோட்டத்தில் இருந்து கள்ளிச் செடிகள் கப்பலில் வந்தன. சைதாப்பேட்டையில் அதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் அமைந்தது. ஆண்டர்சனின் சகோதரி மகனான டாக்டர் ஆண்ட்ரூ பெர்ரி அதைக் கவனித்துக்கொண்டார். மடலை ஒடித்து நட்டால் வேர் பிடிக்கும் செடி அது. சீக்கிரமே பெருகியது. தீனி தயார். பூச்சி மட்டும் வரவில்லை.

காத்திருந்த காலத்தில் ஆண்டர்சன் சும்மா இருக்கவில்லை. வங்காளத்தில் இருந்து பட்டுப்புழுவை வரவழைத்தார். அதற்குத் தீனியான முசுக்கொட்டை, அதாவது மல்பெரிப் போத்துகளை ஊர் ஊராக அனுப்பினார். 1790 வாக்கில் மொரீஷியஸ் தீவின் பருத்தி விதையை வாங்கித் தென்னிந்தியாவின் பல பகுதிகளுக்குக் கொடுத்தார். போர்பன் பருத்தி என்று பெயர் பெற்ற அந்த ரகம் பின்னர் திருநெல்வேலிச் சீமையிலும் கோயம்புத்தூர்ப் பக்கமும் பயிரானது.

பட்டுத் திட்டம் அவர் காலத்தில் நிலைக்கவில்லை. போட்ட பணத்துக்கு வருமானம் இல்லை என்று கம்பெனி கையை விரித்தது. ஆனால் மல்பெரி இந்த மண்ணில் வரும் என்ற அவருடைய கணிப்பு பொய்க்கவில்லை. இன்று தேனி, திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் மல்பெரித் தோட்டங்களைப் பார்க்கும் எவருக்கும் அது தெரியும்.

வந்து இறங்கியது வேறு பூச்சி

1795-ல் நீல்சன் என்ற ராணுவக் கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ வழியாக இந்தியாவுக்கு வந்தார். அங்கே கள்ளியில் இருந்த கோச்சினீல் பூச்சிகளைச் செடியோடு எடுத்துக் கப்பலில் ஏற்றினார். நீண்ட கடல் பயணத்தில் பெரும்பாலானவை செத்துப் போயின. உயிரோடு மிஞ்சிய கொஞ்சம் பூச்சிகள் கல்கத்தா வந்து சேர்ந்தன. அங்கிருந்து சென்னைக்கும் வந்தன. பத்து ஆண்டு காத்திருந்த ஆண்டர்சனுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அது மெக்சிகோவில் பல தலைமுறையாக மனிதர்கள் வளர்த்த கோச்சினீல் இல்லை. அதன் காட்டு உறவு. இன்று பூச்சியியலில் அதற்கு டாக்டைலோபியஸ் சிலோனிகஸ் என்று பெயர். வளர்ப்புப் பூச்சியைவிடச் சிறியது. உடம்பைச் சுற்றிப் பஞ்சு அதிகம், சாயம் குறைவு. பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும்.

இன்னொரு வியப்பும் இருந்தது. பூச்சிக்காகக் கடல் கடந்து வந்து வளர்ந்த கள்ளி ஒருபுறம் இருக்க, இந்தியாவில் ஏற்கெனவே வேலியாக நின்ற ஒரு சப்பாத்திக்கள்ளி வகையில்தான் அந்தப் பூச்சி அடங்காமல் பெருகியது. பெருகியதோடு நிற்கவில்லை. உட்கார்ந்த செடியை உறிஞ்சியே சாகடித்தது.

சாய வியாபாரம் எதிர்பார்த்தபடி அமையவில்லை. லண்டன் சந்தையில் இந்தச் சாயத்துக்கு மெக்சிகோ சரக்கின் மதிப்பு கிடைக்கவில்லை. 1800 வாக்கில் சைதாப்பேட்டைத் தோட்டம் கைவிடப்பட்டு, அங்கிருந்த செடிகள் பெங்களூர் லால்பாக் தோட்டத்துக்குப் போயின. ஆண்டர்சன் கடைசிவரை சளைக்கவில்லை. முட்கள் அதிகம் இல்லாத கள்ளி மடலைக் கப்பலில் வைத்தால் நெடுநாள் பசுமையாக இருக்கும், மாலுமிகள் அதைக் காய்கறியாகச் சமைத்து உண்ணலாம் என்றுகூட யோசனை சொன்னார். அவர் இறந்த பிறகு நுங்கம்பாக்கம் தோட்டமும் நிலைக்கவில்லை. சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் அவருடைய சிலை மட்டும் இருக்கிறது.

தோற்ற பூச்சி ஜெயித்த கதை

இனிமேல்தான் விவசாயிக்கு வேண்டிய பகுதி.

சப்பாத்திக்கள்ளியை நம் பக்கம் நாகதாளி என்றும் சொல்வார்கள். இது நம் ஊர்ச் செடி அல்ல, அமெரிக்காவில் இருந்து வந்தது. ஆடு மாடு நுழையாத உயிர்வேலி என்று முதலில் எல்லோரும் கொண்டாடினார்கள். வேலி பிறகு மேய்ச்சல் நிலத்துக்கு வந்தது. கண்மாய்க் கரைக்கு வந்தது. மானாவாரிப் புஞ்சைக்குள் புகுந்தது. வெட்டிப் போட்ட மடல் ஒவ்வொன்றும் மறுபடி வேர் விட்டது. 19-ஆம் நூற்றாண்டில் அது மாகாணத்துக்கே தலைவலியாகிவிட்டது.

சாயத்துக்கு ஆகாத அந்தப் பூச்சி கள்ளியைக் கொல்கிறது என்பதை அதிகாரிகள் கவனித்தார்கள். 1836 முதல் 1838 வரையான ஆண்டுகளில் வடக்கில் இருந்து அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டு வந்து, வேண்டுமென்றே கள்ளிக் காடுகளில் விட்டார்கள். ஒரு வகைக் கள்ளி பல இடங்களில் அடியோடு அழிந்தது. களையை அழிக்கப் பூச்சியைப் பயன்படுத்தியதில் உலகிலேயே மிகப் பழைய முயற்சிகளில் ஒன்றாக இதைப் பூச்சியியல் வரலாறு சொல்கிறது. 1860-களில் இதே பூச்சியை இலங்கைக்கும் கொண்டு போனார்கள்.

ஆனால் வேலை பாதிதான் முடிந்தது. தென் மாவட்டங்களில் பரவிய இன்னொரு சப்பாத்திக்கள்ளி வகையை அந்தப் பூச்சி தொடவே இல்லை. அதற்கு வேறு பூச்சி வேண்டியிருந்தது. டாக்டைலோபியஸ் ஒபுன்ஷியே என்ற அந்தப் பூச்சி, ஆஸ்திரேலியா வழியாக இலங்கை வந்து, 1926-ல் இலங்கையில் இருந்து இந்தியாவுக்கு வந்தது. அதன் பிறகு சில ஆண்டுகளிலேயே கள்ளிக் காடாகக் கிடந்த நிலங்கள் மீண்டன. இன்று மதுரைச் சமவெளியில் நாகதாளி அங்கங்கே ஒரு புதராக மட்டும் நிற்பதற்கு அந்தச் சின்னப் பூச்சி ஒரு முக்கியக் காரணம்.

அதே பூச்சி, வேறு ஊரில் வில்லன்

ஒரு பூச்சி நல்லதா கெட்டதா என்பது அது எந்த ஊரில், எந்தச் செடி மேல் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மத்தியதரைக் கடல் ஓரத்து நாடுகளைப் பாருங்கள். அங்கே மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வறண்டு கிடக்கும். அந்தத் தட்பவெப்பத்துக்குச் சப்பாத்திக்கள்ளி பிரமாதமாக ஒத்துப்போனது. வீட்டுத் தோட்டத்தில் வேலி, பழத்துக்கு மரம், ஆட்டுக்குத் தீனி என்று அது அங்கே வாழ்வாதாரம்.

அதைப் போலவே மிதமான, மழை குறைந்த கனாரி தீவுகளில் 1820-களில் உண்மையான மெக்சிகோ கோச்சினீலை வளர்க்கத் தொடங்கினார்கள். ஆண்டர்சன் கண்ட கனவு அங்கே பலித்தது. பிறகு ஆலைச் சாயங்கள் வந்துதான் அந்தத் தொழில் படுத்தது.

இப்போது கதை திரும்பிவிட்டது. நம் நாகதாளியை அழித்த அதே ஒபுன்ஷியே பூச்சி, இந்த நூற்றாண்டில் ஸ்பெயின், இஸ்ரேல், மொராக்கோ என்று பரவி, அங்குள்ள கள்ளித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருக்கிறது. மொராக்கோவில் 2014-ல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, சில ஆண்டுகளில் சிறு விவசாயிகளின் கள்ளித் தோட்டங்கள் ஏராளமாகக் காய்ந்து போயின. நமக்கு வரமாக இருந்தது அவர்களுக்குச் சாபம்.

நம் காலத்து ஆண்டர்சன் கதைகள்

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி முதன்முதலாகத் தென்பட்டது. அதற்கும் தாயகம் மெக்சிகோதான். பப்பாளியோடு மல்பெரி, மரவள்ளி, பருத்தி, செம்பருத்தி என்று கண்ணில் பட்டதை எல்லாம் வெள்ளையடித்தது. மருந்து அடித்து அடித்து விவசாயிகள் ஓய்ந்து போனார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவில் இருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே உள்ளிட்ட ஒட்டுண்ணிக் குளவிகளை முறையாகச் சோதித்து வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

2020-ல் கேரளாவில் மரவள்ளி மாவுப்பூச்சி தெரிந்தது. விரைவில் தமிழ்நாட்டு மரவள்ளிக் காடுகளுக்கும் வந்தது. அதற்கும் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இருந்து அனகைரஸ் லோபெசி என்ற குளவியை வரவழைத்து, 2022 முதல் வயல்களில் விட்டு வருகிறார்கள்.

ஆண்டர்சன் காலத்துக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அன்று கப்பலில் வந்த பூச்சி நேராகத் தோட்டத்துக்குப் போனது. எந்த இனம், எதைத் தின்னும் என்று யாரும் சோதிக்கவில்லை. அது கள்ளியை மட்டும் தின்னும் பூச்சியாக இருந்தது நம் அதிர்ஷ்டம். வாழையையோ பருத்தியையோ தின்னும் பூச்சியாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி இருந்திருக்கும். இன்று ஒரு குளவியைக் கொண்டு வருவதற்கு முன் அது வேறு எதையாவது தாக்குமா என்று பூட்டிய அறையில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்தப் பூட்டிய அறையின் சின்ன வடிவம் உங்கள் வீட்டிலும் இருக்க வேண்டும்.

நர்சரிக்கோ பிறர் தோட்டத்துக்கோ போகும்போது

1. தாய்ச் செடியைப் பாருங்கள். ஒட்டுக் கன்று எந்த மரத்தில் இருந்து எடுத்தது, அந்த மரம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பாருங்கள். ரகத்தின் பெயர் எழுதிய ரசீது வாங்குங்கள்.

2. இலையைத் திருப்புங்கள். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இலையின் அடியிலும், இலைக் காம்பு தண்டோடு சேரும் இடத்திலும்தான் ஒளிந்திருக்கும். தண்டில் எறும்பு சாரை சாரையாக ஏறினால், அந்தச் செடியை வைத்துவிட்டு வாருங்கள். மாவுப்பூச்சி விடும் தேன் போன்ற கழிவுக்காகத்தான் எறும்பு ஏறுகிறது.

3. வேரையும் பாருங்கள். கொய்யாக் கன்று வாங்கும்போது ஒரு பையையாவது பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். வேரில் உருண்டை உருண்டையாக முடிச்சு இருந்தால் அது நூற்புழு. கொய்யாவில் வேர்முடிச்சு நூற்புழு நாற்றுப் பை மண்ணோடுதான் தோட்டம் தோட்டமாகப் பரவுகிறது. ஒரு முறை வந்துவிட்டால் நிலத்தை விட்டுப் போவது கடினம்.

4. வாங்கிய அன்றே நட வேண்டாம். தோட்டத்தில் இருந்து தள்ளி, நிழலில், மூன்று வாரம் தனியாக வையுங்கள். வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாத முட்டையும் குஞ்சும் அதற்குள் தெரிந்துவிடும். கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவி, வேப்ப எண்ணெயும் சோப்பும் கலந்து தெளியுங்கள். அதிகமாக இருந்தால் செடியை எரித்துவிடுவது மலிவு.

5. ஊர்த் தட்பவெப்பத்தைக் கேளுங்கள். ஆலிவ், லாவெண்டர் போன்ற மத்தியதரைக் கடல் பகுதிச் செடிகள் இப்போது தொட்டியில் விற்பனைக்கு வருகின்றன. அவை குளிர்ந்த மழைக்காலமும் வறண்ட கோடையும் பழகியவை. ஆலிவ் பூப்பதற்குக் குளிர் வேண்டும். அந்தக் குளிர் மதுரையில் கிடையாது. அதே பகுதியில் நன்றாக வரும் அத்தியும் மாதுளையும் நமக்கும் வரும். பணத்தை அதில் போடுங்கள்.

6. பிறர் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வரும்போது, செருப்பையும் கத்தரியையும் கழுவிவிட்டு உங்கள் தோட்டத்துக்குள் நுழையுங்கள். அன்பாகக் கொடுத்த போத்தையும் மூன்று வாரம் தனியாகவே வையுங்கள்.

7. வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள், உறவினர்களிடம் செடி, விதை, போத்து கொண்டு வரச் சொல்லாதீர்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி, அனுமதியும் நோயற்ற சான்றும் இல்லாமல் அவற்றைக் கொண்டு வரக்கூடாது.

8. இதுவரை பார்க்காத பூச்சியோ வாடலோ தென்பட்டால், கடையில் மருந்து கேட்பதற்கு முன் ஒரு கிளையைப் பாலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டு, ஒத்தக்கடையில் உள்ள வேளாண்மைக் கல்லூரிக்கோ உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்கோ கொண்டு போங்கள். ஒட்டுண்ணிக் குளவி வேலை செய்யும் தோட்டத்தில் கண்டபடி மருந்து அடித்தால், முதலில் சாவது குளவிதான்.

ஆண்டர்சன் கொடுத்த பருத்தி விதையும் மல்பெரிப் போத்தும் எத்தனையோ பேருக்குப் பயன்பட்டன. செடியைக் கொடுப்பதும் வாங்குவதும் நிற்க வேண்டியதில்லை. அது நின்றால் விவசாயமே நின்றுவிடும். இரண்டு பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு மாகாணம் பட்ட பாட்டை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்த முறை நர்சரியில் கையில் செடியை எடுத்ததும், விலை கேட்பதற்கு முன் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள்.